வக்கீலின் பொய்யும் நம் கையெழுத்தும்

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். பெருந்துறைக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் சிறிய அளவில் தறி ஓட்டிக்கொண்டிருக்கிறேன். என் மகள் இந்த ஆண்டு சட்டப் படிப்பில் சேர்ந்திருக்கிறாள். அன்றிலிருந்து வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்கள் எல்லோரும், "பொய் சொல்லிப் பொழைக்கிற தொழிலுக்கா பொண்ணை அனுப்பறீங்க?" என்று கேட்கிறார்கள். எனக்கு அவர்களுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. காரணம், நானும் உள்ளுக்குள் அப்படித்தான் நினைக்கிறேன். என் அண்ணன் ஆறு ஆண்டுகளுக்கு முன் சேலம் கோவை நெடுஞ்சாலையில் லாரி மோதி இறந்துபோனார். அண்ணிக்கு இரண்டு சிறு குழந்தைகள். சென்ற ஆண்டு இழப்பீடு 18 லட்சம் என்று தீர்ப்பானதாக வக்கீல் சொன்னார். அண்ணியின் கைக்கு வந்தது 11 லட்சம். மீதியைக் கேட்டால், "அதுக்கெல்லாம் கணக்கு இருக்குதுங்க, அப்புறம் பேசலாம்" என்கிறார். தாலியறுத்தவளிடம் இப்படி நடந்துகொள்ள ஒரு மனிதனுக்கு எப்படி மனம் வரும்? வக்கீல்களிடம் நேர்மையும் இரக்கமும் மற்றவர்களைவிடக் குறைவுதானா, அல்லது ஊர்ப் பேச்சுதானா? என் பெயரை வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகர், பெருந்துறை வட்டம்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். உங்கள் அண்ணனின் மறைவுக்கு என் வருத்தத்தைத் தெரிவித்துக்கொள்கிறேன். கடைசிக் கேள்விக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். மற்ற தொழில் செய்கிறவர்களைவிட வக்கீல்கள் நேர்மையிலும் இரக்கத்திலும் குறைந்தவர்கள் என்று நான் கருதவில்லை. ஊர் அப்படிக் கருதுவதற்குக் காரணங்கள் இருக்கின்றன என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் அவர்களுடைய பொய்யை நாம் தேடுகிற இடம் ஒன்று, அது உண்மையில் இருக்கிற இடம் வேறொன்று என்பது என் எண்ணம்.

உங்கள் சொந்தக்காரர்களின் பேச்சு கொங்கு நாட்டுக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் காலப் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம், எந்தத் தொழில் செய்கிறவர்களை எவ்வளவு நேர்மையானவர்களாகக் கருதுகிறீர்கள் என்று 1976 முதல் மக்களிடம் கேட்டு வருகிறது. செவிலியர்கள் கால் நூற்றாண்டாக ஏறத்தாழ ஒவ்வோர் ஆண்டும் முதலிடத்தில் இருக்கிறார்கள். வக்கீல்களை நேர்மையில் உயர்ந்தவர்கள் என்று சொல்கிறவர்கள் ஐந்தில் ஒருவர் என்ற அளவிலேயே நிற்கிறார்கள். நம் பக்கத்திலும் "கோர்ட்டுக்குப் போய் ஜெயித்தவன் தோற்றான், தோற்றவன் செத்தான்" என்று சொல்லாத பெரியவர் கிடையாது. அதைச் சொல்லிவிட்டு அடுத்த பேருந்தைப் பிடித்து வாய்தாவுக்குப் போகாத பெரியவரும் அதிகமில்லை. பொழித் தகராறு, வண்டித்தடம், கிணற்றுப் பங்கு, வாய்க்கால் முறை, பாகப்பிரிவினை, புரோநோட்டு, இப்போது திரும்பி வந்த செக் என்று நம் மாவட்டங்களின் நீதிமன்றங்களை நிரப்பி வைத்திருப்பவர்கள் வக்கீல்களை நம்பாத நாம்தான். இதில் இன்னொரு விநோதமும் உண்டு. வக்கீல்கள் எல்லோருமே பொய்யர்கள் என்று அரைமணி நேரம் பேசுகிறவரிடம், உங்கள் வக்கீல் எப்படி என்று கேட்டுப் பாருங்கள். "அவரு அப்படியில்லைங்க, தங்கமான மனுசன்" என்பார். பெரும்பாலும் அந்தத் தங்கமான மனிதரைப் பற்றித்தான் எனக்குக் கவலை வரும். ஏன் என்று சொல்வதற்கு என் அப்பாருவின், அதாவது தாத்தாவின், வழக்கை நான் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

1971ஆம் ஆண்டில் எனக்குப் பத்து வயது. காங்கயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவில் எங்கள் காடு. அதற்குப் போக அப்பாருவின் மச்சினர் தோட்டத்து வழியாக ஒரு வண்டித்தடம் இருந்தது. மச்சினர் உயிரோடு இருந்தவரை அதைப் பற்றி யாரும் வாய் திறந்ததில்லை. அவர் காலமான பிறகு அவருடைய மகன் தடத்துக்குக் குறுக்கே கிளுவை நட்டு வேலி போட்டுவிட்டார். அப்பாரு என்னையும் கையில் பிடித்துக்கொண்டு தாராபுரத்தில் ஒரு வக்கீலைப் பார்க்கப் போனார். வயதானவர், ஓட்டு வீடு, சிரிக்காத முகம். எங்களை உட்காரச் சொன்னதாகக்கூட நினைவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் இரண்டே கேள்விகள் கேட்டார்.

"உங்க காட்டுக்கு வேற தடம் இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க. ஓடைக்கரை மேல சுத்திப் போகோணும், ஒரு மைல் சேத்தி."

"இந்தத் தடத்துல நீங்க உரிமைன்னு போனீங்களா, மச்சினர் போகச் சொல்லிப் போனீங்களா?"

அப்பாருவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மச்சினன் தோட்டத்துல போறதுக்கு உரிமை என்னத்துக்குங்க?"

அந்த ஒரு பதிலில் வழக்கு முடிந்துவிட்டது என்பது, பல ஆண்டுகள் கழித்து 1882ஆம் ஆண்டின் ஈஸ்மென்ட் சட்டத்தை நானே எடுத்துப் படித்தபோதுதான் எனக்கு விளங்கியது. அடுத்தவர் நிலத்தின் வழியே போக உரிமை கேட்கிறவர் பெரும்பாலும் இரண்டு வழிகளில் ஒன்றைப் பிடிக்க வேண்டும். ஒரே நிலமாக இருந்து பிரிந்த பூமிக்கு வேறு பாதையே இல்லையென்றால் அவசியத்தின் பேரில் கேட்கலாம். சுற்றுவழி இருந்தால், அது எவ்வளவு தொந்தரவான வழியாக இருந்தாலும், அந்த வாதம் நிற்காது. இல்லையென்றால் இருபது ஆண்டுகள் இடைவிடாமல், வெளிப்படையாக, உரிமை என்ற முறையில் அதே தடத்தில் போய்வந்ததைக் காட்ட வேண்டும். உறவுக்காக விட்ட வழியில் அறுபது ஆண்டுகள் போனாலும் அது உரிமை ஆகாது. அப்பாரு இரண்டு கதவுகளையும் தன் வாயாலேயே சாத்திவிட்டார். வக்கீல் சொன்னது இவ்வளவுதான்: "இது கோர்ட்டுல நிக்காதுங்க. மருமகன்கிட்டப் போய் உட்கார்ந்து பேசுங்க. தடம் போற பூமிக்கு ஒரு விலையைக் கொடுத்துக் கிரயம் பண்ணிக்குங்க." கட்டணம் என்று கையில் ஒரு பைசா வாங்கவில்லை.

வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்ற அப்பாரு சொன்னதை நான் இன்னும் மறக்கவில்லை. "இவன் அந்தப் பக்கத்துல வாங்கிப்போட்டான்."

உண்மையைச் சொன்ன வக்கீலுக்கு ஊரில் கிடைத்த பெயர் அது. அடுத்த வாரமே அப்பாரு வேறொரு வக்கீலிடம் போனார். இவர் வாசல்வரை வந்து கூட்டிப்போனார், காப்பி வாங்கிக் கொடுத்தார், என் படிப்பைப் பற்றி விசாரித்தார், ஆறு மாதத்தில் வேலியைப் பிரித்து வண்டியை ஓட்டுவேன் என்றார். முதல் வக்கீல் கேட்ட இரண்டு கேள்விகளையும் அவர் கேட்கவே இல்லை. கேட்டால் விடை தெரிந்துவிடும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது என்றே இன்று நினைக்கிறேன். பிராதில், வாதியின் பூமிக்கு வேறு பாதை ஏதும் கிடையாது என்றும், இருபது ஆண்டுகளுக்கு மேலாக உரிமையின் பேரில் மேற்படி தடத்தை அனுபவித்து வருகிறார் என்றும் எழுதப்பட்டிருந்தது. குமாஸ்தா அதை அப்பாருவுக்கு வாசித்துக் காட்டினார். மேலே கண்டவை யாவும் என் அறிவுக்கு எட்டியவரை உண்மை என்ற கடைசி வரிக்குக் கீழே அப்பாரு கையெழுத்துப் போட்டார். நிலக்கடலை அளக்கும்போது படியைத் தலைதட்டாமல் கூட்டிப்போடுகிற மனிதர் அவர். பொய் சொன்னோம் என்று அவருக்குத் தோன்றியிருக்கும் என்று நான் நினைக்கவில்லை. கோர்ட்டுக்கு எழுதுகிற பாஷையே அப்படித்தான் என்று எடுத்துக்கொண்டிருப்பார்.

நீதிமன்றம் அனுப்பிய கமிஷனர் வந்து தோட்டத்தையும் காட்டையும் நடந்து பார்த்து வரைபடம் போட்டார். ஓடைக்கரைத் தடம் அதில் மையால் தெளிவாக வரையப்பட்டிருந்தது. முன்சீப் கோர்ட்டில் தள்ளுபடி, மேல்முறையீட்டிலும் தள்ளுபடி. சென்னை உயர் நீதிமன்றத்தில் இரண்டாம் மேல்முறையீட்டுக்குச் சட்டப் பிரச்சினை ஏதாவது இருக்க வேண்டும், இங்கே இருந்தது மச்சினன் தடம் மட்டும்தான். 1985இல் எல்லாம் முடிந்தபோது பதினான்கு ஆண்டுகளும் ஒரு ஜோடிக் காங்கயம் காளைகளும் இரண்டு ஏக்கர் மேட்டுக்காடும் போயிருந்தன. அதற்குப் பிறகுதான், ஒரு கல்யாண வீட்டில், எதிர்த்தரப்பு 1976ஆம் ஆண்டிலேயே ஒரு விலை சொல்லித் தடத்தைக் கிரயம் செய்துதர முன்வந்ததும், அந்தச் செய்தி எங்கள் வக்கீல்வரை வந்து அங்கேயே நின்றுபோனதும் எங்களுக்குத் தெரியவந்தது. அப்பாரு சாகும்வரை "வக்கீலுக ஏமாத்திப்போட்டாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பன்மையில் அவர் முதல் வக்கீலையும் சேர்த்துக்கொண்டதுதான் எனக்கு வருத்தம்.

இந்த வழக்கில் பொய் எங்கே இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். ஊர்க்காரர்களைக் கேட்டால் கோர்ட்டில் பேசிய பேச்சில் என்பார்கள். கோர்ட்டில் சொன்ன பொய் கமிஷனர் வந்த அன்றே பிடிபட்டுவிட்டது. அதைப் பிடிப்பதற்கு எதிர்த்தரப்பில் ஒரு வக்கீலும் மேலே ஒரு நீதிபதியும் இருந்தார்கள். யாராலும் பிடிக்க முடியாமல் பதினான்கு ஆண்டுகள் வாழ்ந்த பொய் வக்கீலின் அறைக்குள், அவருக்கும் அப்பாருவுக்கும் நடுவில் இருந்தது. வழக்கு நிற்காது என்பதைச் சொல்லாமல் விட்டது, சமாதானப் பேச்சு வந்ததை மறைத்தது ஆகிய இரண்டையும் எந்த நீதிபதியும் பார்ப்பதில்லை. வக்கீலின் நேர்மையை அளக்க வேண்டிய இடம் அந்த அறை என்பதுதான் நான் உங்களுக்குச் சொல்ல விரும்புவது. இரக்கத்துக்கும் அதே அளவுகோல் பொருந்தும். காப்பி வாங்கிக் கொடுத்தவர் எங்கள் வீட்டுக் கல்யாணங்களுக்கெல்லாம் வந்து மொய் எழுதினார். முகம் கொடுத்துப் பேசாதவர் எங்களைப் பதினான்கு ஆண்டுகள் அலைச்சலிலிருந்து காப்பாற்றப் பார்த்தார்.

எதிராளிக்காக வாதாடுகிற வக்கீலைப் பொய்யர் என்றும் கல்நெஞ்சர் என்றும் சொல்வது வேறு வகை. அதில் எனக்கு உடன்பாடில்லை. வக்கீல் என்ற அரபுச் சொல்லுக்கே மற்றொருவருக்காக நிற்கிறவர் என்றுதான் பொருள். வக்காலத்தும் அதே வேரில் பிறந்தது. நீதி சொல்ல நீதிபதி இருக்கிறார், இவர் ஒரு பக்கத்தைச் சொல்ல வந்தவர். திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவு நொய்யல் ஆற்றில் கலந்த வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே நிலம் பாழாகி நின்ற விவசாயிக்குத் தன் சங்கத்தின் வக்கீல் தர்மத்தின் பக்கம், சாயப்பட்டறைக்காரர்களின் வக்கீல் பாவத்துக்குத் துணை. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் கழிவை முழுமையாகச் சுத்திகரிக்காத ஆலைகளை மூடச் சொன்னபோது வேலை போன திருப்பூர்த் தொழிலாளியைக் கேட்டிருந்தால் தராசு இன்னொரு பக்கம் சாய்ந்திருக்கும். எனக்கு விவசாயிகளின் பக்கமே நியாயம் என்று தோன்றியது. ஆனால் பட்டறைக்காரர்களின் தரப்பையும் கேட்டுவிட்டு வந்த உத்தரவு என்பதால்தான் அதற்கு அந்த வலு இருந்தது.

இதை நம் கோவையே உச்ச நீதிமன்றம்வரை கொண்டுபோயிருக்கிறது. வழக்கறிஞர்களுக்கும் காவல்துறைக்கும் இங்கே நடந்த மோதலையொட்டி, குற்றம் சாட்டப்பட்ட காவலர்களுக்காக எங்கள் உறுப்பினர் எவரும் ஆஜராகமாட்டார்கள் என்று வழக்கறிஞர் சங்கம் தீர்மானம் போட்டது. அப்படிப்பட்ட தீர்மானங்கள் நாட்டில் எங்கே போடப்பட்டாலும் செல்லாது என்று 2010 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பொள்ளாச்சிப் பாலியல் வழக்கில் குற்றவாளிகளுக்கும் வக்கீலா என்று கொதித்தவர்களில் என் வீட்டுக்காரர்களும் உண்டு. 2025 மே 13ஆம் தேதி கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தபோது, அந்த ஒன்பது பேரும் தங்களுக்கு வாதாட ஆளில்லாமல் போய்விட்டது என்று சொல்ல முடியாத நிலையில் இருந்தார்கள் என்பதை நான் அவர்களுக்கு நினைவூட்டினேன்.

இதற்கு எல்லை இல்லாமலும் இல்லை. வக்கீல்களின் தொழிலை ஒழுங்குபடுத்தும் அமைப்பான இந்திய பார் கவுன்சிலின் நடத்தை விதிகள், வக்கீல் தன் கட்சிக்காரரின் வெறும் ஊதுகுழலாகத் தன்னைக் கருதிக்கொள்ளக் கூடாது என்கின்றன. தவறான வழியில் பிடிவாதமாக நிற்கும் கட்சிக்காரரை விட்டுவிட வேண்டும் என்கின்றன. எங்கள் இரண்டாவது வக்கீல் இந்த விதியை மீறினார். அதேசமயம், ஊதுகுழலைத் தேடிக்கொண்டு போனவர் என் அப்பாரு என்பதையும் நான் எழுதாமல் விட்டால் அது என் தரப்புப் பொய்யாகிவிடும். கெட்டிக்கார வக்கீல் வேண்டும் என்று கேட்டு வாங்கிவிட்டு, அவருடைய கெட்டிக்காரத்தனம் நம் மேலேயே திரும்பும்போது வக்கீல் இனத்தையே திட்டுகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது.

இரக்கத்தைப் பற்றி ஊர் சொல்வதில் நான் அதிகம் ஒத்துப்போகிறேன். வாய்தா என்ற சொல்லுக்கு, அது வந்த மொழியில், வாக்குறுதி என்று அர்த்தம். வெள்ளகோவிலிலிருந்து தூக்குப்போசியில் சோறு கட்டிக்கொண்டு காலையில் வந்து, பிற்பகல் மூன்று மணிக்கு அடுத்த தேதியை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்புகிறவரிடம் அதைச் சொன்னால் அடிக்க வருவார். நீதிமன்றப் புறக்கணிப்பு நாட்களில் இது இன்னும் மோசம். வக்கீல்களுக்கு வேலைநிறுத்தம் செய்யும் உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2002 டிசம்பரிலேயே தீர்ப்பளித்த பிறகும் புறக்கணிப்புகள் நின்றபாடில்லை. ஏன் தள்ளிப்போனது, அடுத்த தடவை என்ன நடக்கும் என்று இரண்டு நிமிடம் எடுத்துச் சொன்னால் அந்த மனிதர் பாதி ஆறுதலோடு பேருந்து ஏறுவார். பெரும்பாலோருக்கு அந்த இரண்டு நிமிடம் கிடைப்பதில்லை. உங்கள் அண்ணிக்கும் கிடைக்கவில்லை.

எதிர்ப்பக்கத்தையும் ஒரு வழக்கால் மட்டும் சொல்லிவிடுகிறேன். தருமபுரி மாவட்டம் அரூர் பக்கத்து வாச்சாத்தியில் 1992 ஜூன் 20ஆம் தேதி மலைவாழ் மக்கள்மீது வனத்துறையினரும் காவல்துறையினரும் வருவாய்த்துறையினரும் நடத்திய கொடுமைக்கு 2011 செப்டம்பர் 29ஆம் தேதிதான் தீர்ப்பு வந்தது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்துவிட்டார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. 2023இல் உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. முப்பத்தோரு ஆண்டுகள். கட்டுக் கட்டாகக் கட்டணம் கொடுக்க வழியில்லாத அந்த மக்களுக்காக, ஒருவர் ஓய்ந்தால் இன்னொருவர் என்று வழக்குக் கட்டைச் சுமந்த வக்கீல்களை எந்தக் கருத்துக்கணிப்பிலும் யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

இனி உங்கள் அண்ணியின் காரியத்துக்கு வருகிறேன். விபத்து இழப்பீட்டு வழக்குகளில் தீர்ப்புத் தொகையில் இத்தனை சதவீதம் என்று பேசிக்கொள்வது நம் பக்கம் வெளிப்படையான வழக்கமாகிவிட்டது. வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதும், கிடைக்கும் தொகையில் பங்கு கேட்பதும் பார் கவுன்சில் விதிகளின்படி தடை செய்யப்பட்டவை. அமெரிக்காவில் விபத்து வழக்குகளில் இது அனுமதிக்கப்பட்ட முறை, இங்கே இல்லை. இருந்தும் ஏன் நடக்கிறது என்றால், கணவனை இழந்து நிற்கும் பெண்ணிடம் முன்பணம் கொடுக்கக் காசில்லை. வக்கீல் தன் கைக்காசைப் போட்டு ஆவணங்களின் நகல்களை வாங்கி, சாட்சிகளை அழைத்து வந்து, ஐந்தாறு ஆண்டுகள் காத்திருக்கிறார். வட்டிக்குக் கொடுத்தவர்போல முடிவில் எடுத்துக்கொள்கிறார். இதைத் தவறு என்று சொல்லிவிட்டு அந்தப் பெண்ணை எங்கே போகச் சொல்வது என்ற கேள்விக்கு விடை 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தில் இருக்கிறது. அதன் 12ஆம் பிரிவின்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும், வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவசமாக வக்கீல் கிடைப்பார். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அலுவலகம் இருக்கிறது. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். ஆனால் ஓசி வக்கீல் ஒழுங்காக வாதாடமாட்டார் என்று நாமே முடிவு கட்டி வைத்திருக்கிறோம், அங்கே போகிறவர்கள் குறைவு.

வக்கீல் தவறு செய்திருந்தால் என்ன செய்வது? நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியாது. டாக்டர்கள் 1995 முதல் நுகர்வோர் சட்டத்துக்குள் இருக்கிறார்கள். வக்கீல்களின் சேவை அதற்குள் வராது என்று உச்ச நீதிமன்றம் 2024 மே 14ஆம் தேதி சொல்லிவிட்டது. மிஞ்சியிருப்பது 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டம் 35ஆம் பிரிவின்படி மாநில பார் கவுன்சிலில் கொடுக்கும் புகார். அவர்கள் கண்டிக்கலாம், சில காலம் தொழில் செய்யாமல் நிறுத்தி வைக்கலாம், பெயரையே நீக்கலாம். ஓராண்டுக்குள் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. வக்கீலை வக்கீல்களே விசாரிப்பதும், பெருந்துறையிலிருந்து அதற்காகச் சென்னைக்கு அலைய வேண்டியிருப்பதும் மக்களின் அவநம்பிக்கையை வளர்க்கத்தான் செய்கின்றன. நான் இந்த ஏற்பாட்டை ஆதரிக்கவில்லை.

ஆனால் புகாருக்கு முன் செய்ய வேண்டியது ஒன்றிருக்கிறது. தீர்ப்பை நீங்களோ அண்ணியோ கண்ணால் பார்த்ததாகக் கடிதத்தில் இல்லை. 18 லட்சம் என்பதும் வாய்வார்த்தை, 7 லட்சம் குறைகிறது என்பதும் அந்த வாய்வார்த்தையிலிருந்து கழித்த கணக்கு. அண்ணிக்கு இரண்டு சிறு குழந்தைகள் என்கிறீர்கள். இப்படிப்பட்ட தீர்ப்புகளில் மைனர் குழந்தைகளின் பங்கைத் தனியாகப் பிரித்து, அவர்களுக்குப் பதினெட்டு வயதாகும்வரை வங்கியில் வைப்புத்தொகையாகப் போடச் சொல்வது வழக்கம். அண்ணனைப் பெற்றவர்கள் இருந்தால் அவர்களுக்கும் பங்கு உண்டு. இன்சூரன்ஸ் நிறுவனம் மேல்முறையீடு செய்திருந்தால் ஒரு பகுதி நிறுத்தி வைக்கப்பட்டிருக்கலாம், வட்டியில் வரி பிடிக்கப்பட்டிருக்கலாம். அந்த 7 லட்சத்தின் பெரும்பகுதி குழந்தைகளின் பெயரில் ஏதோ ஒரு வங்கியில் பத்திரமாக இருக்கக்கூடும். இல்லை, உண்மையிலேயே வக்கீலின் பைக்குள் போயிருக்கவும் கூடும். எது என்று எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. முதலாவதுதான் நடந்தது என்றால் அவர் திருடர் அல்ல. ஆனாலும் அதை ஒரு தாளில் எழுதி அந்தப் பெண்ணின் கையில் கொடுக்காமல் "அப்புறம் பேசலாம்" என்று அனுப்பியதை நான் மன்னிக்கமாட்டேன்.

ஆகவே தீர்ப்பின் சான்றிட்ட நகல் வேண்டும் என்று, தீர்ப்பு சொன்ன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு கொடுங்கள். வழக்கின் எண் கையில் இருந்தால் இ-கோர்ட்ஸ் தளத்திலேயே வழக்கின் நிலையைப் பார்த்துவிடலாம். வழக்குக் கட்டை வக்கீலிடம் கேளுங்கள். கட்டணப் பாக்கிக்காகக் கட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும் உரிமை வக்கீலுக்கு இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டிலேயே சொல்லியிருக்கிறது. கட்டு கொடுக்காவிட்டாலும், நகலில் உள்ள தொகைக்கும் வங்கிக் கணக்குக்கும் இடையில் காரணம் சொல்ல முடியாத இடைவெளி இருந்தாலும், அப்போது 35ஆம் பிரிவுக்குப் போங்கள். நானும் உடன் வருகிறேன்.

உங்கள் மகளைப் பற்றிக் கேட்கிற சொந்தக்காரர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு எதுவும் சொல்ல வேண்டாம். நகல் மனுவை அவளையே எழுதச் சொல்லுங்கள். முதலாம் ஆண்டு மாணவியால் எழுதக்கூடியதுதான், அரைப் பக்கம் வரும். எழுதி முடித்ததும் அவளுடைய பெரியம்மாவை அருகில் உட்காரவைத்து, ஒவ்வொரு வரிக்கும் என்ன அர்த்தம் என்று சொல்லி, அவருக்குப் புரிந்துவிட்டதா என்று கேட்டுவிட்டு, அதற்குப் பிறகு கையெழுத்து வாங்கட்டும்.

அன்புடன்.